கோல்ட்வாட்டர் குடும்பம்

கோல்ட்வாட்டர் குடும்பம் என்பது ஐக்கிய அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் வணிகத்திலும் பொதுவாழ்விலும் பல தலைமுறைகளாகப் பெயர்பெற்ற, போலந்து யூத வழிவந்த ஒரு குடும்பம் ஆகும். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் போலந்தை விட்டு வெளியேறிய மைக்கேல் கோல்ட்வாட்டர், அவரது தம்பி ஜோசப் கோல்ட்வாட்டர் ஆகிய இருவரும் இக்குடும்பத்தின் அமெரிக்கக் கிளையைத் தோற்றுவித்தவர்கள் ஆவர். கோவேறு கழுதைகள் இழுத்த வண்டியில் பாலைநிலத்துச் சுரங்க முகாம்களுக்குப் பொருள் கொண்டு சென்று விற்பதில் தொடங்கிய இவர்களது வணிகம், பின்னர் "கோல்ட்வாட்டர்ஸ்" என்ற புகழ்பெற்ற அங்காடியாக வளர்ந்தது. மைக்கேலின் பெயரர் பாரி கோல்ட்வாட்டர் 1964ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலில் குடியரசுக் கட்சியின் வேட்பாளராகப் போட்டியிட்டார்.

பெயரும் தோற்றமும்

இக்குடும்பத்தின் முதற்பெயர் கோல்ட்வாசர் என்பதாகும். செருமன், இத்திய மொழிகளில் இதற்குப் "பொன்நீர்" என்று பொருள். மைக்கேல் 1821ஆம் ஆண்டில், அப்போது உருசியப் பேரரசின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த போலந்தின் கோனின் நகரில் பிறந்தார். இவரது பெற்றோர் விடுதி நடத்தி வந்தனர். பிள்ளைகள் நிறைந்த குடும்பம். உருசிய ஆட்சியில் யூத இளைஞர்கள் கட்டாயமாகப் படையில் சேர்க்கப்பட்டு, நீண்ட காலம் வீடு திரும்ப இயலாத நிலை இருந்தது. இதனாலும் வறுமையினாலும் பல இளைஞர்கள் நாட்டை விட்டு வெளியேறினர். மைக்கேலும் அவர்களுள் ஒருவர்.

இவர் முதலில் பாரிசு நகருக்குச் சென்று தையல் தொழில் செய்தார். 1848ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின் அங்கிருந்து இலண்டனுக்குப் பெயர்ந்தார். இங்கிலாந்தில்தான் கோல்ட்வாசர் என்ற பெயர் கோல்ட்வாட்டர் என ஆங்கில வடிவம் பெற்றது. 1850ஆம் ஆண்டில் இவர் இலண்டன் யூதப் பெண்ணான சாரா நாதன் என்பவரை மணந்தார். இவர்களுக்கு மொத்தம் எட்டுப் பிள்ளைகள் பிறந்தனர். மைக்கேலின் தம்பி ஜோசப்பும் இலண்டனுக்கு வந்து சேர்ந்தார்.

மைக்கேல் பிறந்த கோனின் நகரின் யூத சமூகம் இரண்டாம் உலகப்போரின்போது நாசி செருமனியரால் முற்றாக அழிக்கப்பட்டது. குடும்பத்தின் அமெரிக்கக் கிளை அதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முன்னரே அந்நகரை விட்டு வெளியேறியிருந்தது.

கலிபோர்னியாவில்

1848இல் கலிபோர்னியாவில் தங்கம் கண்டுபிடிக்கப்பட்ட செய்தி உலகெங்கும் பரவியபோது, இரு சகோதரர்களும் 1852ஆம் ஆண்டில் கடல்வழியாக அங்குச் சென்றனர். அக்காலத்தில் பனாமா கால்வாய் வெட்டப்படவில்லை. அமெரிக்காவின் கிழக்குக் கரையிலிருந்து மேற்குக் கரைக்குச் செல்வோர் பலர் நடு அமெரிக்காவின் குறுகிய நிலப்பகுதியைத் தரைவழியாகக் கடந்து மறுபுறம் வேறு கப்பல் ஏறுவது வழக்கம். கோல்ட்வாட்டர் சகோதரர்கள் நிகராகுவா வழியே சான் பிரான்சிசுக்கோவை அடைந்தனர்.

தங்கவயல்களுக்குச் சென்ற யூதர்களுட் பலர் தங்கம் தோண்டுவதைக் காட்டிலும், தோண்டுவோருக்குத் தேவையான பொருள்களை விற்பதையே தேர்ந்தெடுத்தனர். கருவிகள், உடை, உணவுப்பொருள்கள் ஆகியவற்றுக்குத் தங்கவயல்களில் எப்போதும் தேவை இருந்தது. ஐரோப்பாவில் நிலம் வாங்கவும் பல தொழில்களில் ஈடுபடவும் தடைசெய்யப்பட்டிருந்த சமூகத்தினருக்குச் சிறுவணிகம் பழகிய தொழிலாகவும் இருந்தது. கோல்ட்வாட்டர் சகோதரர்கள் கடை வைப்பதற்குப் போதிய முதல் இல்லாமையால், சோனோரா என்ற சுரங்க ஊரில் ஒரு மதுக்கடையை நடத்தினர்.

சாரா 1854ஆம் ஆண்டில் கரோலின், மோரிஸ் என்ற இரு குழந்தைகளுடன் இலண்டனிலிருந்து கணவரிடம் வந்து சேர்ந்தார். சுரங்க ஊரின் முரட்டு வாழ்க்கை அவருக்கு ஏற்கவில்லை. பிற்காலத்திலும் இவர் அரிசோனாவில் நிலையாகக் குடியேறாமல், பிள்ளைகளின் கல்வியை முன்னிட்டுப் பெரும்பாலும் கலிபோர்னியாவிலேயே வாழ்ந்தார். இதனால் குடும்பம் நீண்ட காலம் இரு இடங்களில் பிரிந்து வாழ நேர்ந்தது.

சோனோராவில் தங்கம் குறைந்தவுடன் வணிகமும் நலிந்தது. கடன்சுமையோடு சகோதரர்கள் லாஸ் ஏஞ்சலஸ் நகருக்குப் பெயர்ந்தனர். அங்கும் அவர்களது தொழில் நிலைக்கவில்லை. 1860களின் தொடக்கத்தில் ஜோசப் திவாலானார்.

அரிசோனாவில் முதல் ஆண்டுகள்

1860ஆம் ஆண்டில் மைக்கேல் ஒரு வண்டியில் சரக்கு ஏற்றிக்கொண்டு பாலைவனத்தைக் கடந்து, கீலா ஆற்றங்கரையில் இருந்த கீலா சிட்டி என்ற சுரங்க முகாமை அடைந்தார். இதுவே அரிசோனாவுடன் இக்குடும்பத்திற்கு ஏற்பட்ட முதல் தொடர்பு. அப்போது அரிசோனா தனி நிருவாகப் பகுதியாகக்கூட இருக்கவில்லை. 1863இல்தான் அது நியூ மெக்சிகோவிலிருந்து பிரிக்கப்பட்டுத் தனி ஆட்புலமாக ஆக்கப்பட்டது. மாநிலத் தகுதி 1912ஆம் ஆண்டில் கிடைத்தது.

1862இல் கொலராடோ ஆற்றங்கரையில் லா பாஸ் என்னுமிடத்தில் தங்கம் கிடைத்தது. சகோதரர்கள் அங்குக் கடை நடத்தினர். கலிபோர்னியா வளைகுடாவின் முகப்பிலிருந்து நீராவிப் படகுகள் ஆற்றின் வழியே சரக்குகளைக் கொண்டுவந்தன. அங்கிருந்து கோவேறு கழுதை வண்டிகளில் அவை உள்நாட்டுச் சுரங்கங்களுக்கும் படைமுகாம்களுக்கும் அனுப்பப்பட்டன.

1860களின் இறுதியில் ஆறு தன் போக்கை மாற்றிக்கொண்டதால் லா பாஸ் படகுத்துறை பயனற்றுப்போனது. சகோதரர்கள் சில மைல் தெற்கே புதிய துறை ஒன்றுக்குக் கடையை மாற்றினர். அவ்வூர், 1866இல் கொல்லப்பட்ட சுரங்கப் பொறியாளரும் மைக்கேலின் நண்பருமான எர்மன் எரன்பர்க் என்பவரின் நினைவாக எரன்பர்க் எனப் பெயர் பெற்றது. 1877இல் தொடருந்துப் பாதை யூமாவை அடைந்து கொலராடோ ஆற்றைக் கடந்தபின் ஆற்றுப் போக்குவரத்து குன்றியது, எரன்பர்க்கும் தேய்ந்தது.

படை ஒப்பந்தங்கள்

இக்காலத்தில் கோல்ட்வாட்டர் வணிகத்தின் முதன்மையான வருவாய் அமெரிக்கப் படையினருக்குத் தானியம் வழங்கும் ஒப்பந்தங்களிலிருந்து கிடைத்தது. குதிரைப் படைக்கு வாற்கோதுமை, சோளம் முதலியன பேரளவில் தேவைப்பட்டன. வணிகர்கள் உழவர்களுக்கு முன்கடனாகப் பொருள் கொடுத்து, அறுவடையில் தானியமாகத் திரும்பப் பெற்றுப் படைமுகாம்களுக்கு விற்றனர். பணப்புழக்கம் மிகக் குறைந்திருந்த ஒரு நாட்டில் கடை என்பது வங்கியின் வேலையையும் செய்தது. புகழ்பெற்ற வல்சர் தங்கச் சுரங்கத்தின் உரிமையாளர்கள் கடனைத் திருப்பித் தர இயலாதபோது, மைக்கேல் சிறிது காலம் அதன் வேலைகளைத் தாமே நடத்திக் கடனை மீட்டார்.

அப்படைமுகாம்கள் அப்பாச்சி, யாவப்பாய் முதலிய பழங்குடி மக்களுக்கு எதிரான போர்களுக்காக அமைக்கப்பட்டவை. தங்கள் நிலங்களை இழந்துவந்த அம்மக்கள் குடியேறிகளின் வண்டிகளைத் தாக்குவதும், அவர்கள் மீது படையினர் தாக்குதல் நடத்துவதும் அடுத்தடுத்து நிகழ்ந்தன. 1872ஆம் ஆண்டில் பிரெஸ்காட் நகருக்கு அண்மையில் பயணம் செய்துகொண்டிருந்த கோல்ட்வாட்டர் சகோதரர்கள் இத்தகைய தாக்குதல் ஒன்றுக்கு உள்ளாயினர். ஜோசப் துப்பாக்கிக் குண்டுகளால் காயமடைந்து உயிர் தப்பினார்.

பீனிக்சும் பிரெஸ்காட்டும்

1872இல் சகோதரர்கள் அப்போதுதான் தோன்றியிருந்த பீனிக்ஸ் ஊரில் ஒரு கடையைத் திறந்து, மைக்கேலின் மூத்த மகன் மோரிசிடம் ஒப்படைத்தனர். படையினர் அமைத்துவந்த தந்திக் கம்பி பீனிக்ஸ் வழியாகச் செல்லவேண்டும் என்று விரும்பிய மோரிஸ், தம் கடையிலேயே இலவசமாக இடம் தந்து, தந்தி இயக்குநர் வேலையையும் ஊதியமின்றித் தாமே செய்வதாக முன்வந்தார். இவ்வாறு பீனிக்சுக்குத் தந்தி வசதி கிடைத்தது. எனினும் வணிகம் எதிர்பார்த்த அளவுக்கு நடைபெறாமையால் 1875இல் இக்கடை மூடப்பட்டது.

அடுத்த ஆண்டில் மலைப்பகுதியிலுள்ள பிரெஸ்காட் நகரில் புதிய கடை தொடங்கப்பட்டது. அருகில் சுரங்கங்களும் விப்பிள் கோட்டை என்ற படைத்தளமும் இருந்தன. 1877இல் அரிசோனா ஆட்புலத்தின் தலைநகரம் டூசானிலிருந்து மீண்டும் பிரெஸ்காட்டுக்கு மாற்றப்பட்டது. இவ்வூரிலேயே குடும்பத்தின் வணிகம் முதன்முதலாக உறுதியாக வேரூன்றியது. "எப்போதும் மிகச் சிறந்தது" என்ற பொருள்படும் சொற்றொடர் கடையின் முழக்கமாயிற்று.

1880ஆம் ஆண்டளவில் சகோதரர்களின் கூட்டு வணிகம் பிரிந்தது. மைக்கேல் 1885இல் பிரெஸ்காட்டின் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆனால் பதவிக்காலம் முடியும் முன்பே விலகினார். பின்னர் சான் பிரான்சிசுக்கோவில் மனைவியுடன் ஓய்வு வாழ்க்கை நடத்தி, 1903இல் காலமானார்.

ஜோசப்பும் பிஸ்பீ கொள்ளையும்

கூட்டு பிரிந்தபின் ஜோசப் தெற்கு அரிசோனாவில் செப்புச் சுரங்க ஊரான பிஸ்பீயில் ஒசே மிகேல் கஸ்தானியேதா என்பவருடன் சேர்ந்து கடை நடத்தினார். சுரங்கத் தொழிலாளரின் ஊதியப் பணம் இக்கடையின் இரும்புப் பெட்டியில் வைக்கப்படுவது வழக்கம். 1883 டிசம்பர் 8 அன்று ஐந்து கொள்ளையர் அப்பணத்தைத் தேடிக் கடையைத் தாக்கினர். ஊதியப் பணம் அன்று வந்து சேர்ந்திருக்கவில்லை. கடைக்கு வெளியே நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஊர்மக்கள் நால்வர் இறந்தனர். கொள்ளையர் ஐவரும் பிடிபட்டு, 1884 மார்ச்சில் டூம்ஸ்டோன் நகரில் தூக்கிலிடப்பட்டனர். சதியில் பங்குகொண்டதாகக் கருதப்பட்ட ஆறாவது நபருக்கு நீதிமன்றம் சிறைத் தண்டனை மட்டுமே விதித்ததால் சினமுற்ற கூட்டம், அதற்கு முந்தைய மாதமே அவரைச் சிறையிலிருந்து இழுத்துச் சென்று தூக்கிலிட்டுக் கொன்றது. இந்நிகழ்வு "பிஸ்பீ படுகொலை" என அறியப்படுகிறது. ஜோசப் 1889இல் இறந்தார்.

இரண்டாம் தலைமுறை

மோரிஸ் கோல்ட்வாட்டர்

மோரிஸ் கோல்ட்வாட்டர் (1852–1939) இலண்டனில் பிறந்தவர். பிரெஸ்காட் கடையை நடத்தியதோடு, அரை நூற்றாண்டுக்கு மேல் அந்நகரின் பொதுவாழ்வில் முதன்மையானவராக விளங்கினார். 1879இல் முதன்முறையாக மேயரான இவர், இடைவெளிகளுடன் பலமுறை தேர்ந்தெடுக்கப்பட்டு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அப்பதவியை வகித்தார். தன்னார்வத் தீயணைப்புக் குழு, வங்கி, சுதந்திர மேசன் அமைப்பு முதலியவற்றிலும் பங்காற்றினார். அரிசோனாவில் ஜனநாயகக் கட்சியை வளர்த்தவர்களுள் இவரும் ஒருவர். ஆட்புலச் சட்டமன்றத்தின் மேலவையில் பணியாற்றினார். 1910இல் மாநிலத் தகுதிக்கான அரசியலமைப்பை வரைய கூடிய பேரவையின் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

யூதர்கள் மிகச் சிலரே வாழ்ந்த ஓர் ஊரில், யூதர் ஒருவர் இவ்வாறு திரும்பத் திரும்ப மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டது குறிப்பிடத்தக்கது. புதிதாகத் தோன்றிய எல்லைப்புற ஊர்களில் கடை வைத்தவர், கடன் கொடுத்தவர், அஞ்சல் நிலையம் நடத்தியவர் ஆகியோரே ஊரின் தலைமைக்கு வந்தனர். பழைய குடிப்பெருமைக்கு அங்கு இடமிருக்கவில்லை. டூசானில் டிராக்மன், ஸ்டைன்பெல்ட் குடும்பங்கள், நியூ மெக்சிகோவில் ஸ்பீகல்பெர்க் குடும்பம், அரிசோனாவின் சாலமன்வில் ஊரைத் தோற்றுவித்த ஐசடோர் சாலமன் முதலிய யூத வணிகர்களின் வரலாறும் இதை ஒத்ததே.

பாரன் கோல்ட்வாட்டர்

மைக்கேலின் இளைய மகனான பாரன் கோல்ட்வாட்டர் (1866–1929) லாஸ் ஏஞ்சலஸில் பிறந்தவர். பதின்ம வயதில் பிரெஸ்காட் கடையில் வேலைக்குச் சேர்ந்து தொழில் கற்றார். 1889இல் தலைநகரம் பிரெஸ்காட்டிலிருந்து பீனிக்சுக்கு மாற்றப்பட்டது. பாசன வசதி பெற்ற பள்ளத்தாக்கில் பீனிக்ஸ் விரைந்து வளரும் என்று கருதிய பாரன், அங்கு மீண்டும் கடை திறக்கவேண்டும் என்று வற்புறுத்தினார். 1896இல் பீனிக்ஸ் கடை திறக்கப்பட்டது.

சுரங்கத் தொழிலாளருக்குக் கருவிகளும் மாவும் விற்ற பழைய கடைக்கு மாறாக, பாரன் பெண்களுக்கான புதுப்பாங்கு ஆடைகளையும் உயர்தரத் துணிகளையும் நியூயார்க் முதலிய நகரங்களிலிருந்து வரவழைத்து விற்றார். பீனிக்சில் செல்வர் வீட்டுப் பெண்கள் நாடிவரும் கடையாக இது மாறியது.

1907 ஜனவரி 1 அன்று பாரன், நோய் காரணமாக வறண்ட தட்பவெப்பத்தை நாடி அரிசோனாவுக்கு வந்திருந்த செவிலியரான ஜோசபின் வில்லியம்ஸ் என்பவரை மணந்தார். ஜோசபின் கிறித்தவ எப்பிசுகோப்பல் திருச்சபையைச் சார்ந்தவர். இவர்களது பிள்ளைகளான பாரி (1909), ராபர்ட் (1910), கரோலின் (1912) மூவரும் தாயின் சமயத்திலேயே வளர்க்கப்பட்டனர். பீனிக்சில் அப்போது யூதத் தொழுகைக் கூடம் எதுவும் இருக்கவில்லை. அங்குள்ள முதல் தொழுகைக் கூடம் 1920களின் தொடக்கத்திலேயே கட்டப்பட்டது. இதனால் குடும்பத்தின் யூத சமயத் தொடர்பு மூன்றாம் தலைமுறையில் அற்றுப்போனது. எனினும் தம் பாட்டனார் வழி வந்த யூத மரபைக் குறித்துப் பாரி கோல்ட்வாட்டர் வெளிப்படையாகவும் பெருமிதத்துடனும் பேசி வந்தார்.

மூன்றாம் தலைமுறை

அங்காடியின் வளர்ச்சியும் முடிவும்

1929இல் பாரன் திடீரென இறந்ததும், அரிசோனாப் பல்கலைக்கழகத்தில் ஓராண்டே பயின்றிருந்த பாரி படிப்பை விட்டுவிட்டுக் கடையில் விற்பனையாளராகச் சேர்ந்தார். 1937இல் நிறுவனத்தின் தலைவரானார். தென்மேற்குப் பகுதியின் வடிவங்களை ஆடைகளில் பயன்படுத்தினார். சிவப்பு எறும்புகள் ஊர்வதுபோல் அச்சிடப்பட்ட ஆண்களின் உள்ளாடை நாடெங்கும் விற்பனையாகிக் கடைக்கு விளம்பரம் தேடித்தந்தது. தம்பி ராபர்ட் நிறுவனத்தின் நிதிப் பொறுப்புகளைக் கவனித்தார். நலிந்திருந்த பீனிக்ஸ் திறந்தநிலைக் கோல்ஃப் போட்டியை 1939இல் மீட்டெடுத்தவர் என்ற வகையிலும் ராபர்ட் அறியப்படுகிறார்.

பாரி அரசியலில் நுழைந்தபின் வணிகத்தில் குடும்பத்தின் ஈடுபாடு குறைந்தது. 1960களின் தொடக்கத்தில் அங்காடி, அசோசியேட்டட் டிரை குட்ஸ் என்ற பெரிய நிறுவனத்திற்கு விற்கப்பட்டது. கோல்ட்வாட்டர்ஸ் என்ற பெயர் மேலும் கால் நூற்றாண்டு நீடித்தது. 1986இல் தாய் நிறுவனத்தை மே நிறுவனம் வாங்கியது. 1989இல் கடைகள் வேறு பெயர்களுக்கு மாற்றப்பட்டதோடு அப்பெயர் அங்காடி உலகிலிருந்து மறைந்தது.

பாரி கோல்ட்வாட்டர்

பாரி மோரிஸ் கோல்ட்வாட்டர் (1909–1998), அரிசோனா மாநிலமாவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் பீனிக்சில் பிறந்தார். இரண்டாம் உலகப்போரில் வானூர்தி ஓட்டுநராகப் பணியாற்றினார். இமயமலையைக் கடந்து சீனாவுக்குப் பொருள்கள் கொண்டு செல்லும் வான்வழியிலும் இவர் பறந்துள்ளார். போருக்குப் பின் அரிசோனா தேசிய வான்காவல் படையை அமைத்தார். ஐக்கிய அமெரிக்கப் படைகளில் இனப் பிரிவினை 1948இல் ஆணையால் விலக்கப்படுவதற்கு முன்பே இப்படையில் அது விலக்கப்பட்டிருந்தது.

1949இல் பீனிக்ஸ் நகரவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பெரியப்பா மோரிசும் தந்தை பாரனும் ஜனநாயகக் கட்சியினராக இருந்தபோதும், பாரி குடியரசுக் கட்சியில் சேர்ந்தார். 1952இல் நடந்த மேலவைத் தேர்தலில், அவையின் பெரும்பான்மைத் தலைவராக இருந்த எர்னஸ்ட் மெக்ஃபார்லண்டை வென்றார். நடுவண் அரசின் அதிகாரம், வரி, செலவு ஆகியவற்றைக் குறைக்கவேண்டும் என்பதே இவரது அரசியலின் மையக் கருத்து. 1960இல் இவர் பெயரில் வெளிவந்த "ஒரு பழமைவாதியின் மனச்சான்று" என்று பொருள்படும் தலைப்புடைய நூல் பெருமளவில் விற்பனையானது.

1964 குடியரசுத் தலைவர் தேர்தலில் குடியரசுக் கட்சி இவரை வேட்பாளராக நிறுத்தியது. அமெரிக்காவின் பெருங்கட்சி ஒன்றின் குடியரசுத் தலைவர் வேட்பாளரான யூத வழிவந்த முதல் மனிதர் இவரே. தம் முன்னோரின் கடை வேரூன்றிய பிரெஸ்காட்டிலேயே தேர்தல் பரப்புரையை முறைப்படி தொடங்கினார். இத்தேர்தலில் லிண்டன் ஜான்சனிடம் பெருந்தோல்வி அடைந்தார். மொத்த வாக்குகளில் 38.5 விழுக்காடும், தேர்வாளர் வாக்குகளில் 486க்கு எதிராக 52ம் மட்டுமே பெற்றார். அரிசோனாவைத் தவிர இவர் வென்ற ஐந்து மாநிலங்களும் தெற்கில் இருந்தவை.

1968இல் மீண்டும் மேலவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு 1987 வரை பணியாற்றினார். 1974 ஆகஸ்ட் 7 அன்று, வாட்டர்கேட் ஊழலில் சிக்கியிருந்த ரிச்சர்ட் நிக்சனைச் சந்தித்து, மேலவையில் அவருக்கு ஆதரவு இல்லை என்பதை எடுத்துரைத்த மூவருள் இவரும் ஒருவர். மறுநாள் நிக்சன் பதவி விலகலை அறிவித்தார். படைகளின் தலைமை அமைப்பைச் சீர்படுத்திய 1986ஆம் ஆண்டுச் சட்டம் இவர் பெயரையும் தாங்கியுள்ளது. பிற்காலத்தில் சமயக் குழுக்கள் அரசியலில் செல்வாக்குப் பெறுவதைக் கடுமையாக எதிர்த்தார். ஒருபாலீர்ப்பினர் படையில் பணியாற்றும் உரிமையை ஆதரித்தார்.

வானொலி, ஒளிப்படக்கலை ஆகியவற்றிலும் இவருக்கு ஈடுபாடு இருந்தது. 1940இல் கொலராடோ ஆற்றில் படகுப் பயணம் செய்து பெருங்கிடுகுப் பள்ளத்தாக்கைப் படமெடுத்தார். ஹோப்பி பழங்குடியினரின் கச்சினா பொம்மைகள் 437ஐச் சேகரித்துப் பீனிக்சிலுள்ள ஹெர்ட் அருங்காட்சியகத்திற்கு வழங்கினார்.

நான்காம் தலைமுறை

பாரியின் மகன் பாரி கோல்ட்வாட்டர் இளையவர் (பிறப்பு: 1938) கலிபோர்னியாவிலிருந்து கீழவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு 1969 முதல் 1983 வரை உறுப்பினராக இருந்தார். இதனால் தந்தையும் மகனும் ஒரே காலத்தில் நாடாளுமன்றத்தின் ஈரவைகளிலும் அமர்ந்திருந்தனர். அரசு திரட்டும் தனிமனிதர் பற்றிய தகவல்களுக்கு வரம்பு விதித்த 1974ஆம் ஆண்டுத் தனியுரிமைச் சட்டத்திற்காக, எதிர்க்கட்சியைச் சேர்ந்த எட்வர்டு கோச்சுடன் இணைந்து உழைத்தார். 1982இல் மேலவைக்குப் போட்டியிட முனைந்து கட்சிக்குள் நடந்த முதனிலைத் தேர்தலில் தோற்றார். பாரி மூத்தவரின் பெயர்த்தி ஒருவர் பாட்டனாரைப் பற்றி எடுத்த ஆவணப்படம் 2006இல் வெளிவந்தது.

மதிப்பீடும் விவாதங்களும்

குடிசார் உரிமைச் சட்டம்

பாரி கோல்ட்வாட்டரின் பொதுவாழ்வில் மிகுதியாக விவாதிக்கப்படுவது, 1964ஆம் ஆண்டுக் குடிசார் உரிமைச் சட்டத்திற்கு எதிராக அவர் அளித்த வாக்கு ஆகும். 1957, 1960ஆம் ஆண்டுகளின் குடிசார் உரிமைச் சட்டங்களை இவர் ஆதரித்திருந்தார். 1964ஆம் ஆண்டுச் சட்டத்தில் உணவகம், விடுதி முதலிய பொது இடங்களையும் தனியார் வேலைவாய்ப்பையும் பற்றிய இரு பகுதிகள் நடுவண் அரசுக்கு அரசியலமைப்பு வழங்காத அதிகாரத்தை அளிக்கின்றன என்பது இவரது வாதம். ஆனால் விடுதியில் அறையும் உணவகத்தில் இருக்கையும் மறுக்கப்பட்ட கறுப்பின மக்களுக்கு அவ்விரு பகுதிகளே சட்டத்தின் உயிர்நாடியாக இருந்தன. மார்ட்டின் லூதர் கிங் இவரது வேட்பாளர் நிலையை வெளிப்படையாக எதிர்த்தார். இனப் பிரிவினையை ஆதரித்த தெற்கு வாக்காளர்கள் இவ்வாக்கின் காரணமாகவே இவரைப் பெரிதும் ஆதரித்தனர். கறுப்பின வாக்காளர்கள் குடியரசுக் கட்சியை விட்டு ஏறக்குறைய முற்றாக விலகியதற்கு இத்தேர்தல் ஒரு திருப்புமுனையாகக் கருதப்படுகிறது. சொந்த வாழ்வில் இனப் பாகுபாட்டை ஏற்காத ஒருவர், கொள்கையின் பெயரால் பாகுபாட்டுக்குத் துணையான வாக்கை அளித்தார் என்பது வரலாற்றாளர் பலரின் மதிப்பீடு.

தன்முயற்சியும் அரசின் பங்கும்

தம் குடும்பம் அரசின் உதவியின்றித் தன்முயற்சியால் உயர்ந்தது என்பதைப் பாரி தம் அரசியலுக்கு எடுத்துக்காட்டாகக் காட்டி வந்தார். இக்கருத்தைத் திறனாய்வாளர் சிலர் மறுக்கின்றனர். தொடக்க காலத்தில் குடும்பத்தின் வருவாய் பெருமளவு படை ஒப்பந்தங்களிலிருந்து வந்தது. படைத் தந்தியும் படைப் பாதுகாப்பும் வணிகத்திற்குத் துணையாயின. பீனிக்ஸ் நகரின் வளர்ச்சி, நடுவண் அரசு கட்டி 1911இல் நிறைவுற்ற ரூஸ்வெல்ட் அணையின் நீரைச் சார்ந்திருந்தது. கொலராடோ ஆற்று நீரை மாநிலத்தின் உட்பகுதிக்குக் கொண்டுவரும் நடுவண் அரசுத் திட்டத்தைப் பாரியும் ஆதரித்தார். மறுபுறம், இருமுறை பொருளிழந்தும் பாலைவனத்தைக் கடந்து தொழிலைத் தொடர்ந்த சகோதரர்களின் துணிவையும், ஊதியமின்றித் தந்தி இயக்கிய மோரிசின் பொதுநலப் பாங்கையும் குறைத்து மதிப்பிட இயலாது என்பதும் கூறப்படுகிறது. இவ்விரண்டும் சேர்ந்ததே அமெரிக்க மேற்குப் பகுதியின் வரலாறு.

பழங்குடியினரும் நிலமும்

பழங்குடியினருடனான குடும்பத்தின் உறவும் காலப்போக்கில் மாறியது. முதல் தலைமுறை, அவர்களுக்கு எதிரான போரில் ஈடுபட்ட படைக்குத் தானியம் விற்றது. மூன்றாம் தலைமுறையைச் சேர்ந்த பாரி, பெருங்கிடுகுப் பள்ளத்தாக்குத் தேசியப் பூங்காவை விரிவுபடுத்திய 1975ஆம் ஆண்டுச் சட்டத்தை முன்மொழிந்தார். அச்சட்டத்தின் வழியாக, பள்ளத்தாக்கின் பழங்குடியினரான அவசுப்பாய் மக்களுக்கு அவர்கள் முன்னர் இழந்த நிலத்தில் ஏறத்தாழ 1,85,000 ஏக்கர் திரும்ப வழங்கப்பட்டது. சுற்றுச்சூழல் அமைப்புகள் சில இதை எதிர்த்தபோதும் பாரி பழங்குடியினர் பக்கம் நின்றார். கொலராடோ ஆற்றில் கிளென் பள்ளத்தாக்கு அணை கட்டுவதற்கு ஆதரவாகத் தாம் வாக்களித்ததற்காகப் பிற்காலத்தில் வருத்தம் தெரிவித்தார்.

நினைவுச் சின்னங்கள்

பீனிக்ஸ் வானூர்தி நிலையத்தின் நான்காம் முனையத்திற்குப் பாரி கோல்ட்வாட்டரின் பெயர் சூட்டப்பட்டுள்ளது. அறிவியல், கணிதம், பொறியியல் பயிலும் கல்லூரி மாணவர்களுக்காக நாடாளுமன்றம் 1986இல் நிறுவிய உதவித்தொகையும் இவர் பெயரால் வழங்கப்படுகிறது. வாசிங்டனில் நாடாளுமன்றக் கட்டடத்தின் சிலை மண்டபத்தில் அரிசோனாவின் சார்பாக இவரது சிலை 2015இல் வைக்கப்பட்டது. பிரெஸ்காட் நகரம் தன் நூற்றாண்டின்போது மோரிஸ் கோல்ட்வாட்டரை "நூற்றாண்டின் மனிதர்" எனத் தேர்ந்து சிறப்பித்தது.

குடும்பத்தின் முக்கிய உறுப்பினர்கள்

மைக்கேல் கோல்ட்வாட்டர் (1821–1903) – நிறுவனர், பிரெஸ்காட் மேயர்
ஜோசப் கோல்ட்வாட்டர் (இறப்பு: 1889) – மைக்கேலின் தம்பி, வணிகர்
மோரிஸ் கோல்ட்வாட்டர் (1852–1939) – மைக்கேலின் மகன், பிரெஸ்காட் மேயர், அரசியலமைப்புப் பேரவைத் துணைத் தலைவர்
பாரன் கோல்ட்வாட்டர் (1866–1929) – மைக்கேலின் மகன். பீனிக்ஸ் அங்காடியைத் தோற்றுவித்தவர்
பாரி கோல்ட்வாட்டர் (1909–1998) – பாரனின் மகன், மேலவை உறுப்பினர், 1964 குடியரசுத் தலைவர் வேட்பாளர்
ராபர்ட் கோல்ட்வாட்டர் (1910–2006) – பாரனின் மகன், வணிகர், கோல்ஃப் போட்டி அமைப்பாளர்
பாரி கோல்ட்வாட்டர் இளையவர் (பிறப்பு: 1938) – பாரியின் மகன், கீழவை உறுப்பினர் (1969–1983)